கிளிப்பிள்ளையும் அணிற்பிள்ளையும்: தொல்காப்பிய இளமைப்பெயர் மரபும் இன்றைய வழக்கும்

தொல்காப்பிய மரபியல் ஒன்பது இளமைப்பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டும் பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் உரியவை. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கும் குட்டி என்னும் பெயரைப் பெறும். பறழ் எனினும் குற்றமில்லை. இதன்படி கிளியின் இளமை பிள்ளை. அணிலின் இளமை குட்டி. இன்றோ கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என மூன்றும் ஒரே வாய்பாட்டில் வழங்குகின்றன. பறவைக்கும் கொறிவிலங்குக்கும் இடையே இலக்கணம் இட்ட எல்லை அழிந்துவிட்டதா என்பதே இக்கட்டுரையின் வினா.

அணிலைச் சுட்டுமிடத்துத் தொல்காப்பியர் மூன்று வரிகளை அடையாகத் தருகிறார். தென்னிந்தியாவில் பரவலாக வாழும் அணிலின் முதுகில் வெண்கோடுகள் மூன்றே. வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இனத்துக்கு ஐந்து. இவ்வளவு நுணுகி நோக்கிய ஆசிரியர் இளமைப்பெயரை மட்டும் மேம்போக்காக வகுத்திருப்பார் எனக் கொள்ள இயலாது.

எனினும் வழக்கின் நெகிழ்ச்சி பழமையானதே. மூங்காவைக் கீரியெனக் கொள்ளின், குட்டி என வரவேண்டிய அவ்விலங்குக்குச் சிலப்பதிகார அடைக்கலக் காதையில் பிள்ளை என்பது அடையாகிறது. அங்கு இளமைப்பொருளும் பொருந்தும். மனையில் வளர்க்கப்பட்ட உயிர் என்னும் பொருளும் பொருந்தும்.

இன்றைய வழக்கில் இவ்வையத்துக்கு இடமில்லை. முதிர்ந்த அணிலும் அணிற்பிள்ளையே. சொன்னதையே திரும்பச் சொல்லும் வளர்ந்த கிளியும் கிளிப்பிள்ளையே. தென்னம்பிள்ளை அவ்வாறன்று, வளர்ந்தபின் அது தென்னை மட்டுமே. ஆகவே பள்ளி இலக்கணப் பயிற்சிகளில் அணிற்பிள்ளையை இளமைப்பெயராகப் பட்டியலிடுவது பொருந்தாது. இங்குப் பிள்ளை பரிவுப்பெயர். வீட்டருகே வாழ்தல் மட்டும் இப்பரிவுக்குக் காரணமன்று. அவ்வாறாயின் எலியும் இப்பெயரைப் பெற்றிருக்கும். பயிரழிவும் தடையன்று; தினைப்புனத்தில் மகளிர் கடிந்தோட்டிய கிளிக்கன்றோ இப்பெயர் நிலைத்தது! கிளிக்கு அதன் மழலை துணைநின்றது. அணிலுக்கு, தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இடம்பெறும் சேதுப்பணிக் கதை துணைநின்றிருக்கலாம்.

இளமையையே சுட்ட வேண்டுமிடத்தில் கிளிக்குஞ்சு, அணிற்குட்டி என்கிறோம். குஞ்சு அவ்வொன்பதனுள் இல்லாத சொல். ஆயினும் பிள்ளை விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்து பழைய எல்லையைக் காக்கிறது. அவ்வெல்லையிலும் ஒரு கசிவு உண்டு: பேச்சுவழக்கில் எலிக்குஞ்சு, அணில் குஞ்சு எனவும் கேட்கிறோம். பிறந்த அணில், முட்டையினின்று வெளிப்பட்ட கிளியைப் போலவே கண் திறவாமலும் வெற்றுடலாகவும் கிடப்பது இதற்கு அடிப்படை எனத் தோன்றுகிறது. பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும் ஆட்டுக்குட்டியையோ கன்றையோ எவரும் குஞ்சு என்பதில்லை.