ஏரிக்கரைத் தூண்டில்: எதை வாங்குவது, எதை விடுவது?

கார்த்திகை, மார்கழி மழையில் ஏரிகள் நிரம்பிவிட்டால், சம்பா அறுவடைக்கும் நவரை நடவுக்கும் இடையே ஊத்துக்கோட்டை வட்டாரச் சிறு விவசாயிகளுக்குச் சில மாலைப் பொழுதுகள் ஓய்வாகக் கிடைக்கும். அப்போது தூண்டில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். பொழுதும் போகும், வீட்டில் குழம்பும் கொதிக்கும். ஆனால் இப்போது பல இளைஞர்கள் பட்டணத்துக் கடையில் கண்ணைப் பறிக்கும் ராட்டைத் தூண்டிலை வாங்கி வந்து, ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தூண்டிலில் போட்ட பணம் மீனாகத் திரும்ப வேண்டுமானால், நம் ஏரிக்கும் நம் மீனுக்கும் எது பொருந்தும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் தொங்கும் மெல்லிய கோலும், இறகு கட்டிய செயற்கை ஈயும் குளிர் நாட்டு டிரவுட் மீனுக்காக உருவானவை. தமிழ்நாட்டில் அந்த மீன் நீலகிரி போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில்தான் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்ட டிரவுட்டுக்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும் டிரவுட் கண்ணால் பார்த்து இரையைப் பிடிக்கும். அதனால் அங்கே நூல்போல் மெல்லிய நரம்பும், ஈயைப்போல் ஏமாற்றும் முள்ளும் தேவை. நம் ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பானது, பெரும்பாலும் கலங்கலானது. இங்குள்ள மீன்களில் பல, வாசனையாலும் உதட்டாலும் மீசையாலும் தடவித்தான் இரையை அறிகின்றன. ஆகவே நமக்கு முதலில் வேண்டியது நல்ல இரை, அடுத்து உறுதியான முள், அதற்கடுத்து நரம்பு. கோல் கடைசியில்தான் வரும். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்வார். அவர் பிழைப்பு அது.

நம் ஏரிகளுக்கான தூண்டில் தனி வித்தை என்பது புதிய செய்தி அல்ல. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர், ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலை 1887-இல் வெளியிட்டார்.

எந்த மீன், எந்த ஆழம்?

கட்லா மேல்மட்டத்தில் மேயும். அதன் வாய் மேல்நோக்கி இருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். ரோகு நடுநீரில் திரியும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். கெளுத்தியும் தேளியும் அடியில்தான். 1952-இல் இந்தியாவுக்கு வந்து இன்று எல்லா ஏரியையும் பிடித்துக்கொண்ட திலாப்பியா, அதாவது நம் ஜிலேபி, கரையோர ஆழமில்லாத நீரிலேயே கிடைக்கும். விரால் அல்லி, தாமரை, கோரை ஓரங்களில் பதுங்கி நிற்கும். எனவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே இன்று எந்த மீனுக்குப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லா மீனுக்கும் ஒரே தூண்டில் என்று போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார்.

முள் வாங்கும்போது அதன் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இதில் ஒரு குழப்பம் உண்டு. 1-லிருந்து எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 12-ஆம் எண் மிகச் சிறியது, 4-ஆம் எண் பெரியது. ஆனால் 1/0, 2/0, 3/0 என்று கோடு போட்டு வந்தால் எண் ஏற ஏற முள் பெருக்கும். சிறு கெண்டைக்கு 12, ஜிலேபிக்கு 8 அல்லது 10, ரோகு, மிர்காலுக்கு 6, பெரிய கட்லாவுக்கு 2 அல்லது 4, விராலுக்கு 1/0 முதல் 3/0 வரை என்று வைத்துக்கொள்ளலாம். முனையை நகத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல், நகத்தில் பிடித்தால் கூர். விரலால் வளைத்தாலே நிமிர்ந்துவிடும் முள்ளை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நரம்பில்தான் நானே ஒருமுறை ஏமாந்தேன். கடை வாசலில் வெயிலில் தொங்கிய சுருளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவந்தேன். முதல் வாரமே இரண்டு கிலோ இருக்கும் ஒரு ரோகு, கரைக்கு மூன்று முழத் தொலைவில் நரம்பை அறுத்துக்கொண்டு, முள்ளோடு தக்கையையும் இழுத்துப் போய்விட்டது. நைலான் நரம்பு வெயில் பட்டால் பலம் இழக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் சுருளையே கேட்டு வாங்கி, ஒரு முழம் எடுத்து இரு கைகளிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்துச் சோதியுங்கள். தோராயமாக 0.20 மி.மீ. நரம்பு மூன்று கிலோ இழுப்பையும், 0.30 மி.மீ. ஆறு கிலோ இழுப்பையும் தாங்கும். ஜிலேபிக்கு முதலாவதும், ரோகு, மிர்காலுக்கு இரண்டாவதும் போதும். விராலுக்கு மட்டும் 0.45 மி.மீ. வேண்டும், அது செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், அப்போது செடியையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். வாளை உள்ள நீரானால், அதன் பல் நைலானை அறுத்துவிடும் என்பதால், முள்ளுக்கு மேல் ஒரு சாண் மெல்லிய கம்பி சேர்க்க வேண்டும்.

நல்ல நரம்பும் முடிச்சில்தான் அறும். முள்ளின் காதில் நரம்பை நுழைத்து, அதைத் தன்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, காதோரமுள்ள கண்ணியில் நுனியைக் கோர்த்து, இறுக்குவதற்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசும் சூட்டிலேயே அது நைந்துவிடும்.

கோலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்

உள்ளே துளை குறைந்த கல் மூங்கிலில் பத்து, பன்னிரண்டு அடிக் கழி ஒன்று போதும். முற்றிய கழியாகப் பார்த்து வெட்டி, நிழலில் ஒரு மாதம் படுக்கவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். நரம்பைக் கோலின் நுனியில் மட்டும் கட்டுவது பலர் செய்யும் தவறு. அடியில் கட்டி, கழியோடு சுற்றிக்கொண்டே நுனிவரை கொண்டுபோய் அங்கேயும் ஒரு கட்டுப் போடுங்கள். பெரிய மீன் இழுத்து நுனி ஒடிந்தாலும் நரம்பு உங்கள் கையில் இருக்கும். நுனியிலிருந்து தொங்கும் நரம்பு கோலின் நீளமே இருந்தால் மீனைக் கைக்குக் கொண்டுவர வசதி.

ராட்டைத் தூண்டில் வீண் என்று சொல்லவில்லை. பூண்டி போன்ற பெரிய நீர்த்தேக்கத்தில், கரையிலிருந்து வெகுதூரம் எறிய வேண்டிய இடத்தில் அதற்கு வேலை உண்டு. நம் ஊர் ஏரிகளில் மீன் பத்தடிக்குள் மேயும்போது ஐம்பதடி எறிந்து என்ன பயன்? அப்படியும் வாங்குவதானால், ஒரு நாள் கூலிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்கைக்கு நெட்டித் துண்டோ, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டோ போதும். தக்கை பாதிக்கு மேல் நீரில் அமிழும் அளவுக்கு ஈயம் சேர்க்க வேண்டும். முழுவதும் மிதந்தால் மீன் இழுக்கும்போது கனம் உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து அழுத்துகிறார்கள். ஈயம் நஞ்சு, குறடு பயன்படுத்துங்கள்.

இரையும் இழுப்பும்

எருக்குழி ஓரத்து மண்புழு கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் ஏற்றது. ரோகு, மிர்காலுக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, வறுத்த தவிடும் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்து, உருண்டை பிடித்தால் உடையாத பதத்தில் பிசையுங்கள். கட்லாவுக்கு இதே மாவு இளகலாக, நீரில் மெல்லக் கரையும்படி இருக்க வேண்டும். அது கரைசலை உறிஞ்சும் மீன். கட்லாவின் வாய் மென்மையானது. தக்கை அசைந்தவுடன் நாற்றுக்கட்டைத் தூக்கி எறிவதுபோல் இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். மணிக்கட்டை மட்டும் சுண்டி, கோலை நிமிர்த்திப் பிடித்து, மீன் களைக்கும்வரை அதன் போக்கில் விட்டுப் பிடிக்க வேண்டும்.

விராலுக்கு உயிருள்ள சிறு கெண்டையோ வெட்டுக்கிளியோ இரை. செடியில் மாட்டாத ரப்பர் தவளையும் இப்போது கிடைக்கிறது. பட்டணத்துப் பொருள்களில் நான் முழுமனதோடு சிபாரிசு செய்வது இது ஒன்றுதான். ஒன்றைக் கவனியுங்கள்: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். அப்போது எதை வீசினாலும் சீறிவந்து கவ்வும். பிடிப்பது எளிது, பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

தேளியின் பக்க முள் குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். துணியால் தலையைப் பிடித்தே முள்ளைக் கழற்றவும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால், இரக்கப்பட்டு ஏரியில் திரும்ப விடாதீர்கள். அது மற்ற மீன்களை அழித்துவிடும்.

போடுவதற்கு முன் ஏரியின் மீன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக்கு விட்ட ஏரியில் சொல்லாமல் தூண்டில் போட்டால் குத்தகைதாரர் தூண்டிலைப் பிடுங்குவார், வழக்கும் வரலாம். அவரும் குஞ்சு வாங்கிவிட்டுச் செலவு செய்தவர்தானே. குத்தகைதாரரிடம் முன்கூட்டிச் சொன்னால் ஜிலேபிக்குத் தடை சொல்பவர் குறைவு. வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். கிருஷ்ணா நீர் வரும் கண்டலேறு–பூண்டி கால்வாய்க் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடவே வேண்டாம். சரிவு வழுக்கும், ஓட்டமும் வேகம். விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது.

திரும்பும்போது அறுந்த நரம்பையும் ஒடிந்த முள்ளையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் அதே கரையில்தான் நம் மாடு மேயப்போகிறது. முட்களைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய தகர டப்பாவில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். கோலைச் சுவரில் சாய்த்தால் வளையும். எறவாணத்தில் இரண்டு கயிறு கட்டி, அதில் படுக்கவைத்தால் அடுத்த மழைவரை நேராக இருக்கும்.