சங்குப்பிட்டியில் சோளகம்

அன்புள்ள தம்பி,

அக்கராயனிலிருந்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. தினமும் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வேலைக்குப் போய்வருகிறீர். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் சங்குப்பிட்டிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் இழுக்கிறது என்கிறீர். முன்பக்கம் முழுவதையும் பைபரால் மூடி ஒரு கவசம் அடித்துப் போட்டால் காற்றை வெட்டிக்கொண்டு போகலாமா என்பது உமது கேள்வி. தயவுசெய்து போடவேண்டாம்.

எதிர்க்காற்றுக்கு அது உதவும்தான். இத்தாலியில் மோட்டோ குஸ்ஸிக்காரர் 1950களில் காற்றுச் சுரங்கமே கட்டிச் சோதித்து, முன்சில்லையும் சேர்த்து மூடிய பந்தய வண்டிகளை ஓட்டினார்கள். வேகம் கூடியது, ஆனால் பக்கக் காற்றில் அத்தகைய வண்டிகள் தடுமாறின. 1958இலிருந்து பந்தயங்களில் முன்சில்லை மூடுவதற்கே தடை வந்துவிட்டது. பக்கக் காற்றின் தள்ளல், வண்டியும் நீரும் சேர்ந்த பாரத்தின் மையத்துக்கு முன்னால் விழுந்தால், முகப்பு காற்றோடு திரும்பப் பார்க்கும். அம்புக்கு இறகை வாலில்தான் கட்டுவார்கள். நீர் கேட்பது முனையில் கட்டச் சொல்வது.

காற்றைத் தடுக்க முன்கண்ணாடி வேண்டுமென்றால் சின்னதாகப் போடும். அதையும் ஹாண்டிலில் பூட்டாமல் சட்டத்தில் பூட்டச் சொல்லும். ஹாண்டிலில் இருந்தால் ஒவ்வொரு வீச்சும் நேரே கைக்கு வரும். பின்னால் உயரமாகப் பெட்டி கட்டியிருந்தால் அதைப் பதித்துக் கட்டும்.

இனி அந்த வீதி. 2011இல் திறந்த 288 மீற்றர் பாலமும் அதன் அணுகுபாதையும் தென்மேற்குக் காற்றுக்குக் குறுக்கே கிடக்கின்றன. மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லாத வெளி. 60இல் போகும்போது பக்கத்திலிருந்து 40இல் காற்று அடித்தால், வண்டிக்குப் படுவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று, அதுவும் சரிவாக. வேகத்தை 40க்கு இறக்கினால் தள்ளலும் குறையும், திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்கும். பெற்றோல் தாங்கியை முழங்காலால் இறுக்கி, ஹாண்டிலை இளகப் பிடியும். காற்று வரும் பக்கத்துக் கைபிடியை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும்.

நான் அதிகம் பயப்படுவது நீர் வீடு திரும்பும் நேரத்துக்குத்தான். அப்போது காற்று வலப்பக்கம். நீரும் வலப்பக்கம் சாய்ந்துதான் வருவீர். எதிரே வரும் லொறி ஒரு கணம் காற்றை மறைக்கும். தள்ளல் நின்றதும் சாய்ந்த பக்கமே, லொறியின் பக்கமே, வண்டி பாயும். லொறி கடந்ததும் காற்று திரும்ப வந்து அறையும். ஆகையால் லொறியைத் தூரத்தில் கண்டவுடனேயே வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கும். கரையோடு ஒட்டிவிடாமல், திரும்ப வரும் வீச்சுக்கும் கொஞ்சம் இடம் விட்டு ஓடும்.

அன்புடன்,
அண்ணன்