பீப்... பீப்... அப்டேட்டுக்கு அப்புறம் கத்துற கம்ப்யூட்டரை அமைதியாக்குவது எப்படி?



ராத்திரி ஒன்றரை மணி. பூந்தமல்லியில எங்க வீடு ரெண்டே ரூம். ஹால்ல அப்பா தூங்குறார், அவருக்குக் காலையில 6 மணி ஷிஃப்ட். அதே ஹால் மூலையில ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட நான். லினக்ஸ் அப்டேட் ரொம்ப நாளா பெண்டிங் இருந்தது. சரி, ஓடட்டும்னு விட்டேன். முடிஞ்சதும் ரீஸ்டார்ட் கேட்டது, பண்ணேன். டெர்மினலைத் திறந்து ஒரு ஃபைல் பெயரைப் பாதி அடிச்சுட்டு டேப் கீயைத் தட்டினேன்.

"பீஈஈப்!"

பதறிப்போய் மியூட் கீயை அமுக்கினேன். பேக்ஸ்பேஸ் தட்டினேன். மறுபடி பீப். இயர்போனைச் சொருகினேன். இயர்போன்ல ஒண்ணுமே கேட்கல, லேப்டாப்பே கத்துது. "டேய், அதை அணைச்சுட்டுப் படுடா"ன்னு அப்பா புரண்டு படுத்தார். அன்னைக்கு ரிப்போர்ட் அவ்வளவுதான்.

அப்டேட்டைத் திட்டிக்கிட்டே தூங்கிட்டேன். காலையில நிதானமா பார்த்தப்போதான், தப்பு அப்டேட் மேல இல்ல, என் மேலன்னு புரிஞ்சது. அது எப்படின்னு கடைசியில சொல்றேன். முதல்ல இந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம்.

மியூட் பண்ணாலும் ஏன் கத்துது?

கம்ப்யூட்டர்ல சத்தம் வர ரெண்டு வழி இருக்கிறது. ஒண்ணு, நாம பாட்டு கேட்கிற சவுண்ட் கார்டு. இன்னொண்ணு, "பிசி ஸ்பீக்கர்". 1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதுல சவுண்ட் கார்டே கிடையாது. உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும்தான். அதுக்கு வால்யூம் கன்ட்ரோலும் கிடையாது. அந்த ஏற்பாடு இன்னைக்கு வரைக்கும் பிசி-க்கள்ல ஒட்டிக்கிட்டே வருது.

மைக்ரோபிராசசர் பேப்பர்ல 8253 டைமர், 8255 போர்ட்னு பக்கம் பக்கமா எழுதினோமே, ஞாபகம் இருக்கா? "இதெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு கேட்டோமே, இதுக்குத்தான். அந்த முதல் பிசி-யில 8253-க்குள்ள மூணு கவுண்ட்டர். கவுண்ட்டர் 0 சிஸ்டம் கடிகாரத்துக்கு, கவுண்ட்டர் 1 மெமரி ரிஃப்ரெஷுக்கு, கவுண்ட்டர் 2 ஸ்பீக்கருக்கு.

டைமருக்கு வர்ற கிளாக் நொடிக்கு 11,93,182 துடிப்பு. இது போர்டுல இருந்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 12-ஆல வகுத்தா கிடைக்கிற எண். லினக்ஸ் கன்சோலோட வழக்கமான பீப் 750 ஹெர்ட்ஸ். 11,93,182-ஐ 750-ஆல வகுத்தா சுமார் 1591. அந்த எண்ணைக் கவுண்ட்டர் 2-ல போட்டு, ஹெக்ஸ் 61 போர்ட்டோட கடைசி ரெண்டு பிட்டையும் 1 ஆக்கினா ஸ்பீக்கர் கத்த ஆரம்பிக்கும். நொடியில எட்டில் ஒரு பங்கு கழிச்சு அந்த பிட்டுகளைத் திரும்ப 0 ஆக்கினா நிறுத்திடும். நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கிற பீப்புக்குப் பின்னாடி நடக்கிறது இவ்வளவுதான். இதுல சவுண்ட் கார்டுக்கு வேலையே இல்ல, அதனாலதான் மியூட் கீ கையை விரிச்சுடுது.

டேப் தட்டினா ஏன் கத்தணும்? ஆஸ்கி அட்டவணையில 7-ஆம் எண் எழுத்துக்குப் பெயர் "பெல்". டெலிபிரின்டர் காலத்துல அந்த எழுத்து லைன்ல வந்தா மெஷின்ல இருந்த நிஜ மணி அடிக்கும், ஆபரேட்டர் திரும்பிப் பார்ப்பார். இப்போ மணி போய் பீப் வந்திருக்கு. டேப் தட்டியும் பொருத்தமான ஃபைல் கிடைக்கலைன்னா ஷெல் அந்த 7-ஆம் எழுத்தை அனுப்பும். காலியான வரியில பேக்ஸ்பேஸ் தட்டினாலும் அதேதான். அதாவது பீப்புங்கிறது கோளாறு இல்ல, யாரோ நமக்கு அனுப்புற தகவல்.

முதல்ல, கத்துறது யாருன்னு பாருங்க

கமாண்டைக் காப்பி பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடி மூணே கேள்வி.

1. மியூட் பண்ணா நிக்குதா? நின்னா அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுற சத்தம், சவுண்ட் செட்டிங்ஸ்லயே முடிச்சுடலாம். நிக்கலைன்னா பிசி ஸ்பீக்கர். (சில லேப்டாப்ல தனி ஸ்பீக்கர் இருக்காது, பீப் சவுண்ட் சிப் வழியாவே போகும். லினக்ஸ்ல ஆல்சாமிக்சரைத் திறந்தா "பீப்"னு தனி சேனல் இருக்கும். அதை மட்டும் மியூட் பண்ணாலே போதும்.)

2. பவர் பட்டனை அமுக்கினதும், லோகோ வர்றதுக்கு முன்னாடியே கத்துதா? அப்போ கத்துறது பயாஸ். லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அதுல சம்பந்தமே இல்ல.

3. கரண்ட் போகும்போது மட்டும் கத்துதா? அது யுபிஎஸ். கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீங்க.

லினக்ஸ்ல அமைதியாக்குவது

கமாண்டுகளை இங்கே உச்சரிப்புலதான் தர்றேன். டைப் பண்ணும்போது எல்லாமே ஆங்கிலத்துல சின்ன எழுத்து.

பிசி ஸ்பீக்கருக்கான கெர்னல் மாட்யூலோட பெயர் "பிசிஎஸ்பிகேஆர்". பிசி ஸ்பீக்கர்ங்கிற வார்த்தையில உயிரெழுத்தையெல்லாம் உதிர்த்தா கிடைக்கிற ஆறு எழுத்து. "எல்எஸ்மோட்" கமாண்டு கொடுத்து லிஸ்ட்ல அந்தப் பெயர் இருக்கான்னு பாருங்க.

உடனடி நிவாரணம்: "சூடோ ஆர்எம்மோட் பிசிஎஸ்பிகேஆர்". அந்த நொடியே சத்தம் நின்னுடும். ஆனா இது தற்காலிகம், ரீஸ்டார்ட் வரைக்கும்தான்.

நிரந்தரத் தீர்வு: "ஈடிசி" ஃபோல்டருக்குள்ள "மோட்ப்ரோப் டாட் டி"ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல ரூட் அனுமதியோட புதுசா ஒரு ஃபைல். பெயர் உங்க இஷ்டம், ஆனா "டாட் கான்ஃப்"னு முடியணும். உள்ளே ஒரே வரி: "பிளாக்லிஸ்ட் பிசிஎஸ்பிகேஆர்". சேவ் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கும் அசரலைன்னா, அதே ஸ்பீக்கரை ஓட்டுற இன்னொரு மாட்யூல் உண்டு: "எஸ்என்டி அண்டர்ஸ்கோர் பிசிஎஸ்பி". அதுக்கும் அதே மாதிரி இன்னொரு வரி.

உபுண்டுவில இந்த ரெண்டு மாட்யூலையும் அவங்களே பிளாக்லிஸ்ட்ல போட்டுத்தான் தர்றாங்க. அந்த ஃபைலைத் திறந்து பாருங்க, "அசிங்கமான சத்தம், எல்லாருக்கும் எரிச்சல்"ங்கிற அர்த்தத்துல ஒரு கமெண்ட்டே எழுதி வச்சிருக்காங்க. நம்ம சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதனால டெபியனுக்கான இந்த வழியையே அதுலயும் பின்பற்றலாம்.

மாட்யூலையே தூக்க வேண்டாம், ஷெல் மட்டும் வாயை மூடினா போதும்னு நினைக்கிறவங்க, ஹோம் ஃபோல்டர்ல "டாட் இன்புட்ஆர்சி"ங்கிற ஃபைல்ல "செட் பெல்-ஸ்டைல் நன்"னு ஒரு வரி எழுதுங்க. விம் கத்தினா அதோட செட்டிங்ஸ் ஃபைல்ல "செட் பெல்ஆஃப் ஈக்வல் டு ஆல்". இங்க "ஈக்வல் டு"ன்னு சொன்னது சமக்குறி, நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க.

விண்டோஸ் மக்களுக்கு

விண்டோஸ் 7-ல இருந்து புரோகிராம்கள் போடுற பீப் சவுண்ட் கார்டு வழியாத்தான் போகுது. அதனால மியூட் வேலை செய்யும். மொத்தமா வேண்டாம்னா கன்ட்ரோல் பேனல்ல சவுண்ட், அதுல சவுண்ட்ஸ் டேப், ஸ்கீம்ல "நோ சவுண்ட்ஸ்".

கேப்ஸ் லாக், நம் லாக் தட்டும்போது மட்டும் பீப் வருதா? அது "டாகிள் கீஸ்". நம் லாக்கை 5 நொடி அமுக்கிப் பிடிச்சா இது ஆன் ஆகலாம், நாம பெரும்பாலும் கை தவறித்தான் ஆன் பண்ணியிருப்போம். வலது ஷிஃப்ட்டை 8 நொடி பிடிச்சா "ஃபில்டர் கீஸ்". விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, கீபோர்டு போய் ரெண்டையும் அணைக்கலாம். ஆனா காலேஜ் லேப் சிஸ்டம்ல அணைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கீபோர்டுல எரியுற குட்டி லைட்டைப் பார்க்க முடியாத ஒருத்தருக்கு, கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கான்னு சொல்றதே அந்த பீப்தான்.

நான் பிடுங்கக் கூடாததைப் பிடுங்கின கதை

செகண்ட் இயர்ல, வீட்டுல அப்பாவோட பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருந்தது. ஆன் பண்ணும்போதெல்லாம் ஒரு குட்டி பீப். எல்லாம் சரியா இருக்குன்னு பயாஸ் சொல்றது அது. எனக்கு அது அப்போ தெரியாது. கேபினெட்டைத் திறந்தேன், மதர்போர்டுல ஸ்பீக்கர்னு எழுதியிருந்த பின்ல இருந்து அந்தக் குட்டி பஸ்ஸரைப் பிடுங்கி டிராயர்ல போட்டேன். அமைதி. எனக்கு ஒரே பெருமை.

அஞ்சாறு மாசம் கழிச்சு ஒரு நாள் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பு. சத்தமே இல்ல. மானிட்டர் கேபிளை மாத்திப் பார்த்தோம். தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்த்துட்டு எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்னு சொன்னார். அப்பா பர்ஸ்ல இருந்து 1,800 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். புது எஸ்எம்பிஎஸ் போட்டும் ஸ்கிரீன் கறுப்புதான்.

ரெண்டாவது நாள்தான் டிராயர்ல கிடந்த பஸ்ஸர் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டி ஆன் பண்ணேன். நீளமான பீப், விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப. மதர்போர்டு புக்லெட்டைத் தேடிப் பார்த்தா, அதுக்கு அர்த்தம் ரேம் பிரச்சினை. ரேமைக் கழற்றி, அதோட தங்க நிறக் காலை ரப்பரால தேய்ச்சு, அழுத்திச் சொருகினேன். ஒரே ஒரு குட்டி பீப். ஸ்கிரீன் வந்துடுச்சு.

ரெண்டு நிமிஷ வேலை. அதைச் சொல்ல வேண்டிய வாயை நானே அடைச்சு வச்சிருந்தேன். "காசு போனா போகுது, படிச்சுக்கிட்டியா"ன்னு மட்டும் கேட்டார் அப்பா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல போல இருந்தது.

இந்த பீப் கோடு பயாஸுக்கு பயாஸ் மாறும். உதாரணமா அவார்டு பயாஸ்ல ஒரு நீளம், ரெண்டு குட்டைன்னா டிஸ்ப்ளே கார்டு பக்கம் பிரச்சினை. உங்க போர்டு புக்லெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. யுபிஎஸ் விஷயத்துலயும் இதே கதைதான். பேட்டரி தீரப் போகுதுன்னு அது வேகமா கத்துறது, சேவ் பண்ணாத உங்க ரிப்போர்ட்டுக்காகத்தான்.

அதனால என் விதி இது: தகவலை அனுப்புற புரோகிராமை அடக்குங்க, ஸ்பீக்கரைப் பிடுங்காதீங்க. பிளாக்லிஸ்ட் வரி லினக்ஸோட பீப்பை மட்டும்தான் நிறுத்தும். லினக்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி பயாஸ் சொல்ல வேண்டியதை அது தடுக்காது.

சரி, அப்டேட் மேல ஏன் தப்பு இல்ல?

ரெண்டு மாசம் முன்னாடி இதே லேப்டாப் கத்தினப்போ "ஆர்எம்மோட்" அடிச்சு நிறுத்தியிருந்தேன். பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ஷட்டவுனே பண்ணல. மூடி வைப்பேன், திறப்பேன். சஸ்பெண்ட்ல இருந்து எழுந்தா மாட்யூல் திரும்ப லோட் ஆகாது, அதனால அமைதியாவே ஓடியிருக்கு. அப்டேட்ல புது கெர்னல் வந்தது, ரீஸ்டார்ட் கட்டாயமாச்சு, மாட்யூல் மறுபடி ஏறிடுச்சு. அப்டேட் எதையும் மாத்தல. நான் நிரந்தரமா எதையும் மாத்தாம விட்டதைத்தான் அது காட்டிக் கொடுத்தது.

அப்டேட்டால செட்டிங்ஸ் நிஜமாவே போற சந்தர்ப்பமும் உண்டு. சிஸ்டத்தோட வந்த கான்ஃபிக் ஃபைலையே நீங்க திருத்தி வச்சிருந்தா, டெபியன், உபுண்டுவில அப்டேட் நடுவுல "உங்க ஃபைலை வச்சுக்கவா, புதுசைப் போடவா"ன்னு கேட்கும். அவசரத்துல "ஒய்" தட்டினா உங்க திருத்தம் காலி. அதனாலதான் புது ஃபைலா போடச் சொன்னேன். நீங்களே உருவாக்கின ஃபைல்ல அப்டேட் கை வைக்காது.

அடுத்த தடவை ஏதாவது ஒரு கமாண்டால பிரச்சினை தீர்ந்தா, உடனே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் தீர்ந்திருந்தாத்தான் தீர்ந்ததுன்னு அர்த்தம். அந்தச் சோதனையைப் பகல்லயே முடிச்சுடுங்க. வீட்டுல 6 மணி ஷிஃப்ட்டுக்குப் போறவங்க யாராவது தூங்கிக்கிட்டு இருக்கலாம்.