242-ஆம் தெருவில் இறங்கு

அன்புள்ள நிலா,

நியூயார்க்கில் கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆசை என்று எழுதியிருந்தாய். கூடவே, "அது பணக்காரங்க ஆட்டமாச்சே சித்தப்பா, நம்மளை யாரு உள்ளே விடுவாங்க?" என்றும் கேட்டிருந்தாய். ஊரில் நீ பார்த்ததெல்லாம் கிளப் மைதானங்கள். அதனால்தான் அந்தக் கேள்வி.

1-ஆம் எண் சப்வேயில் ஏறிக் கடைசி நிலையமான 242-ஆம் தெருவில் இறங்கு. கொஞ்ச தூரம் நடந்தால் வான் கோர்ட்லாண்ட் பூங்கா மைதானம் வரும். அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அது, 1895-இல் திறந்தார்கள். உறுப்பினர் சந்தா, சிபாரிசு எதுவும் வேண்டாம். அன்றைய கட்டணத்தைக் கட்டினால் ஆடலாம். முதலில் 9 குழிகள்தான். அதை 1899-இல் 18 ஆக்கியவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாம் பெண்டிலோ.

அவர் ஊர்க் கடலோர மைதானங்களில் மணலும் காற்றும்தான். விழுந்த பந்து வெகுதூரம் உருண்டோடும். பூங்கா மைதானம் வேறு மாதிரி. புல் செழிப்பு, மண் மெத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பந்து நின்றுவிடும். இருபுறமும் மரங்கள். பந்து மரத்தடிக்குப் போய்விட்டால், கிளைகளின் இடுக்கு வழியே தூக்கி அடிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம் கண்ணு. கிளைக்குக் கீழே தாழ்வாகத் தட்டி, வெட்டிய புல்லுக்குத் திரும்பிவிடு. ஓர் அடி வீணாகும், மூன்று அடி மிச்சமாகும்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்து விழுந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழும். சிறு கவைமுள்ளை ஓரத்தில் குத்தி, சுற்றிலுமிருந்து புல்லை நடுவை நோக்கித் தள்ளு. அடியிலிருந்து நெம்பாதே, வேர் அறுந்துவிடும். பிறகு மட்டையின் அடிப்பாகத்தால் மெதுவாக அமுக்கிவிடு. உன் பள்ளத்தோடு பக்கத்தில் யாரோ விட்டுப்போன ஒன்றையும் சரிசெய். ஊர்ப் பொதுச்சொத்து அது. நாளைக்கு நூறு பேர் மிதிக்கும் புல்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த வருடங்களில் நான் அங்கே தனியாகத்தான் போவேன். தனியாள் என்றால் மூன்று பேரோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பள்ளி மாணவன், ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேரே வந்த நர்ஸ், இவர்களோடு நான். ஐந்தாவது குழிக்குள் ஒருவர் வீட்டுக் கதை இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. என் பந்து புதருக்குள் போனபோது மூவரும் சொந்தப் பந்தைத் தேடுவதுபோல் தேடினார்கள். பூங்கா மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மரங்களும் ஏரியும்கூட அதற்கு அடுத்தபடிதான்.

சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். வாரநாள் மாலையில் போ. துணைக்குத் தோழி வேண்டும் என்று காத்திருக்காதே, தனியாகவே போ. முதல் நாள் எத்தனை அடி ஆயிற்று என்பதை எழுத வேண்டாம். யாரோடு ஆடினாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா