பாடி இருக்கட்டும், கிரிப்பைப் பாருங்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கிளப் பிஸ்டலை வைத்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுத்துவருகிறாள். அறுபது ஷாட்டில் 530-ஐ ஒட்டி வருகிறது. இனி சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கோச் சொல்லிவிட்டார். ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். பாடி ஒரு கம்பெனி, கிரிப் இன்னொரு கம்பெனி, ட்ரிகர், எடைக்கட்டி எல்லாம் அவளுக்கென்றே பார்த்துப் பொருத்தினால் ஸ்கோர் ஏறுமா? எதில் பணத்தைப் போடுவது?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: கிரிப்பில் போடுங்கள். நீங்கள் சொன்ன நான்கில் எதை மேசைக் கிடுக்கியில் பிணைத்துச் சுட்டாலும் பெல்லட்டுகள் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகும். இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்குள் சுடும் துல்லியம் இந்த பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 530 எடுப்பவருக்கும் 580 எடுப்பவருக்கும் உள்ள இடைவெளி கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது கிரிப்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. என்று வையுங்கள். இலக்கு 10 மீட்டர் தள்ளி, அதாவது ஏறக்குறைய முப்பது மடங்கு. மகளின் கை முழுதாக அப்படியே 5 மி.மீ. இடதுபக்கம் நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ.தான் நகரும், அது இன்னும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு லேசாகத் திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மி.மீ. ஒதுங்கினால், அட்டையில் அது 30 மி.மீ. ஆகிவிடும். பத்து ஏழாகிவிடும். கை ஆடுகிறதே என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். ஆட்டம் எல்லோருக்கும் உண்டு, ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களுக்கும் உண்டு. மார்க்கைத் தின்பது இந்தக் கோணப் பிசகுதான். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் சைட் தானாக நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிரிப்.

மகளை நாளைக்கே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பெல்லட் போடாமல், பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி நிலைக்கு வந்தபின் கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பள்ளத்தின் நடுவே, இருபக்கமும் சமமான வெளிச்சத்தோடு நிற்கிறதா? பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கிரிப் அவளுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். மேலோ கீழோ போனால் கிரிப்பின் சாய்வு சரியில்லை. பல பிஸ்டல்களில் அதை ஸ்க்ரூவாலேயே மாற்றலாம். மணிக்கட்டை முறுக்கி சைட்டை நடுவுக்குக் கொண்டுவரப் பழகிவிட்டாள் என்றால் இன்னும் மோசம். முதல் இருபது ஷாட் நன்றாக வரும், தசை களைத்தபின் பழைய பக்கத்துக்கே ஓடும்.

கம்பெனி கிரிப்புகள் உள்ளங்கை அளவைப் பொறுத்து ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரும். ரெடிமேட் சட்டை மாதிரிதான், ஆல்டர் செய்யாமல் கச்சிதமாக உட்காராது. இரண்டு அளவுக்கு நடுவில் கை இருந்தால் பெரியதை வாங்குங்கள். வால்நட் மரத்தை அரத்தால் ராவலாம். குறைகிற இடத்தில் மரப்புட்டியோ எம்-சீலோ வைத்து நிரப்பலாம். ரேஞ்சில் பாதிப் பேருடைய கிரிப் இப்படித் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அழகு பார்க்க வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டை மேலே இடைவெளியில்லாமல் ஏறி உட்கார வேண்டும். ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கும் உரசக் கூடாது. உரசினால் ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டலே பக்கவாட்டில் தள்ளப்படும். அடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டை இறுக்கி வைத்தால் உறுதி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இறுக்கினால் கை நடுங்கும். அரிசிமணி அளவு தளர்வு விடுங்கள். அந்தத் தட்டு மணிக்கட்டைத் தாங்கக் கூடாது என்பது விதியும்கூட. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒரு வாரமாவது சுட்டுப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுங்கள்.

ட்ரிகருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். சரியாக 500-இல் வைத்தால் அந்த நேரம் பார்த்துக் கல் விழும். 510, 520 என்று வையுங்கள். ட்ரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, விரல் நுனிச் சதை நேர் பின்னோக்கி அழுத்துமாறு அமைப்பதுதான் முக்கியம். மொரினியில் வருகிற எலக்ட்ரானிக் ட்ரிகர் சுத்தமாக விடும், பேட்டரி வேண்டும். மெக்கானிக்கல் ட்ரிகருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டிலும் உலகப் பதக்கங்கள் வந்திருக்கின்றன.

எடைக்கட்டி இப்போதைக்கு வேண்டாம். பிஸ்டலுக்கு உச்ச வரம்பு 1,500 கிராம். பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கின்றன. வளரும் பிள்ளையின் தோளுக்கு அதுவே போதும். கனமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் சின்ன சிலிண்டர் உள்ள குட்டை மாடலைப் பாருங்கள். பாடி ஒன்று, மற்றவை வேறு என்று ஒட்டுப்போடும் யோசனையில் தனியாக வாங்கத் தகுந்தது கிரிப் மட்டும்தான். அதையும் அந்த மாடலுக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாம் பொருத்தி முடித்தபின் மொத்தமும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

பாடியைப் பொறுத்தவரை நான் கேட்கும் கேள்வி ஒன்றே: உங்கள் ரேஞ்சில் எந்தக் கம்பெனி பிஸ்டலைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார்? எதற்கு வாஷரும் சீலும் கையிருப்பில் இருக்கின்றன? 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்வதிலேயே விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றும் கைவிட்டுப் போனது. 2024-இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியது வேறு கதை. உயர்ந்த பிஸ்டலும் பழுதாகும். ஆகவே பக்கத்தில் ஆள் இருக்கும் கம்பெனிதான் உங்களுக்கு நல்ல கம்பெனி.

கேள்வி: என் மகளுக்கு ஒருவர் பழைய பிஸ்டலைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். முதலில் சிலிண்டரைத் திருப்பி, அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். கம்பெனி குறித்த காலம் கடந்த சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, பாதுகாப்பும் இல்லை. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்து வைக்கிற சாமான் அது. பொதுவாகப் பத்து ஆண்டுதான் கெடு. தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். காற்றை நிரப்பிக் கேஜைக் குறித்து வைத்து, மறுநாள் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இந்த 4.5 மி.மீ. போட்டி பிஸ்டல்களின் ஆற்றல் 20 ஜூலுக்கு வெகு கீழே என்பதால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் கடையில் வாங்கினாலும் தனியாரிடம் வாங்கினாலும் அடையாள, முகவரிச் சான்றோடு எழுத்து மூலமாக உங்கள் பெயரில் வாங்குங்கள், மகள் பெயரில் வேண்டாம். பெட்டியோடு அந்தப் பில்லின் நகலும் எப்போதும் இருக்கட்டும். ரயிலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் அதுதான் பேசும்.