சந்தை கலைந்த திடலில் கால் நகர மறுக்கிறது

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 38 வயது, ஊர் மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக் கூட்டத்தில் புகுந்து காய்கறி வாங்கி வர எனக்கு ஒரு பயமும் இல்லை. மற்ற நாளில் அதே திடல் காலியாகக் கிடந்தால் குறுக்கே நடக்க முடியவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தரை நழுவுகிற மாதிரி இருக்கிறது. மயங்கி விழுந்தால் தூக்க ஆள் இல்லையே என்று ஓரமாகச் சுவரைத் தொட்டபடி சுற்றிப் போகிறேன். கரும்புத் தோட்டத்து வழியில் தனியாகப் போவேன்; அறுப்பு முடிந்த வயலைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது. ஊசுட்டேரிக் கரையோரம் வண்டியில் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். இரண்டு வருடமாக இப்படித்தான். உச்சி வேளையில் காத்து கருப்பு பட்டிருக்கும் என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். சோம்பேறித்தனம் என்கிறார் வீட்டுக்காரர். மெடிக்கலில் கேட்டு அல்பிரசோலம் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் ஆறாவது படிக்கும் மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, பிடிக்கப் போவதும் இல்லை. இது சோம்பலும் இல்லை. சோம்பல்காரர் யாரும் குறுக்கு வழியை விட்டுவிட்டுத் திடலைச் சுற்றி நடக்க மாட்டார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வதைப் போலவே சொன்ன மூன்று ஆண்களைப் பற்றி பெர்லின் நகர மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் 1871இல் எழுதினார். நல்ல புத்தியும் திடமான உடம்பும் உள்ள அவர்களால் நகரத்து அகலமான சதுக்கங்களைக் கடக்க முடியவில்லை. கூட ஓர் ஆள் வந்தால் முடிந்தது. அந்த நோய்க்கு அவர் வைத்த ‘அகோராபோபியா’ என்ற பெயரே இன்றைக்கும் வழங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, வியன்னாவின் மோரிட்ஸ் பெனடிக்ட் இதே தொல்லையை ஒருவகைத் தலைசுற்றல் என்று கருதியிருந்தார். வெஸ்ட்பால் அதை மறுத்து, பயம்தான் மூலம் என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதால், உங்கள் விஷயத்தில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

நாம் நிலைகுலையாமல் நடக்க உள்காது, கண், கால் மூட்டிலும் தசையிலும் இருக்கும் உணர்வு மூன்றும் சேர்ந்து மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. பக்கத்தில் சுவர், மரம், ஆள், மாடு என்று ஏதாவது இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. வெட்டவெளியில் அது கிடைப்பதில்லை. சிலருடைய மூளை கண்ணையே அதிகம் நம்பியிருக்கும். அவர்களுக்குத்தான் வெட்டவெளியில் தரை நழுவுகிற மாதிரி தோன்றும். கரும்பு இரண்டு பக்கமும் நிற்கும் வழியில் உங்களுக்குப் பயம் வராததற்கும், அறுத்த வயலில் வருவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். லண்டன் மருத்துவர் ஐசக் மார்க்ஸ் 1981இல் இதை ஒட்டிய இன்னொரு நிலையைத் தனியே பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் அது, பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் விழுந்துவிடுவோம் என்கிற பயம். மற்றபடி அவர்கள் பயந்தவர்கள் அல்லர். அதனால் படுக்கையில் புரளும்போது தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் உண்டா, இருட்டில் நடந்தால் தடுமாறுகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பெண்கள் எத்தனையோ பேர் ரத்தசோகையோடுதான் நடமாடுகிறார்கள். அதுவும் படபடப்பைக் கூட்டும்.

இவை சரியாக இருந்தால் மிச்சம் பயம்தான். அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை லேசாவதும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான். மயக்கம் போட வேண்டுமானால் ரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் எத்தனை முறை நிஜமாகவே மயங்கி விழுந்தீர்கள்? ஒருமுறையும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். அது இறங்கும்வரை நீங்கள் அங்கே நின்றதில்லை. அதற்கு முன்பே ஓரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். ஒதுங்கியதால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மணியடிக்கிறது. சுவர், மூடிய கண், மகளின் கை, மாத்திரை எல்லாமே அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன.

இதை மாற்ற உங்கள் ஊர்ச் சந்தையை விட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டம் நிறைந்திருக்கும்போது திடல் நடுவில் நில்லுங்கள். அது உங்களால் முடிகிறது. அடுத்த வாரம், மாடுகளை வண்டியில் ஏற்றிக் கடைகளைப் பிரிக்கத் தொடங்கும் நேரத்தில் அதே இடத்துக்குப் போங்கள். கண் முன்னே திடல் காலியாகட்டும். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மனத்தில் போட்டுக்கொண்டு, அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே நில்லுங்கள். எட்டில் இருக்கும்போது திரும்பி வந்தால் அன்றைய முயற்சியில் பலன் கிடைக்காது. மூச்சை நிதானமாக இழுத்து, இழுத்ததை விட மெதுவாக விடலாம். ஓடி வருவதற்குப் பதிலாக அங்கேயே நிற்பதற்காக அதைச் செய்யுங்கள். இது பழகிய பிறகு புதன்கிழமை காலை, காலித் திடல். முதலில் வீட்டுக்காரர் பக்கத்தில் வரட்டும். பிறகு அவர் எதிர் விளிம்பில் நின்றால் போதும். அதற்கும் பிறகு அவர் வீட்டிலேயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் செய்தால் போதாது. தினமும் செய்தால்தான் மூளை பழைய பாடத்தை மறக்கும். அறுத்த வயலும் ஊசுட்டேரிக் கரையும் அதன் பிறகு.

இந்த முயற்சியில் மகளைச் சேர்க்காதீர்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன். அம்மா விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தன் வேலை என்று அவள் இதற்குள் நம்பத் தொடங்கியிருப்பாள். அவள் பள்ளிக்கூடம் போகட்டும், விளையாடட்டும். வெளி என்றால் ஆபத்து என்று உங்கள் கை வழியாக அவளும் கற்றுக்கொண்டுவிடக் கூடாது.

அல்பிரசோலத்தை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கவே கூடாது. அது அந்த நேரத்துப் பயத்தை அடக்கும். நாளடைவில் உடம்பு அதற்கே பழகிவிடும், பயிற்சியின் பலனையும் குறைக்கும். தினமும் போட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வலிப்பு வரைக்கும் போகலாம் என்பதால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருந்து தேவை என்றால் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் மாதிரியானவை உண்டு. அவை அடிமையாக்குவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். இதே தொல்லை உள்ள ஆண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெஸ்ட்பாலின் நோயாளிகளுக்கும் கொஞ்சம் குடித்தால் பயம் தணிந்தது. சாராயக் கடை எளிதில் எட்டும் நம் புதுச்சேரியில், பயத்துக்காகத் தொட்டவர் குடி நோயாளியாவதற்கு அதிக காலம் ஆகாது.

மாமியார் கட்டிய கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். சிகிச்சை மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1889இல் வியன்னாவின் கமில்லோ சிட்டே என்ற கட்டடக் கலைஞர், நகரங்களில் புதிதாகத் திறந்த பிரம்மாண்டமான சதுக்கங்களே இந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கின்றன என்று எழுதினார். நோய்க்குக் காரணம் சதுக்கம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சாலையை அகலமாக்க ஓரத்து மரங்களை வெட்டும்போது, நிழலோடு சேர்ந்து இப்படிப்பட்டவர்களின் கண்ணுக்கான பிடிமானமும் போகிறது. திடலின் ஓரத்திலும் நடுவிலும் நாலு வேப்பங்கன்று வைக்கச் சொல்லி ஊரில் யாராவது கேட்டால் நான் மகிழ்வேன்.

தனியாக முடியவில்லை என்றால் கலிதீர்த்தாள்குப்பத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம். கோரிமேடு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு உண்டு. யாராவது பார்த்துவிடுவார்களே என்று தயங்க வேண்டாம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியே பயமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ வீட்டிலிருந்தே கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மாத்திரையை எவ்வளவு நாளாக, எத்தனை போடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.