"உன்னைப் பத்திச் சொல்லு" என்றால் பேச்சு நின்றுவிடுகிறது

கேள்வி: டாக்டர், எங்களுக்குத் தக்கலைப் பக்கம். மகனுக்கு 23 வயது, ஆட்டிசம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டான். தமிழும் இங்கிலீஷும் வேகமாக டைப் அடிப்பான். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பான். இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போனான். "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டான். இப்போது வெளியூர் சென்டர் ஒன்றில், தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடி வைத்து மூன்று மாதப் பயிற்சி, வேலைக்கு கேரண்டி என்கிறார்கள். 85,000 ரூபாய். வளையலை அடகு வைத்துச் சேர்க்கலாமா? என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். முன்பு பிரஸ்ஸில் டி.டி.பி. வேலை பார்த்தவன். அவனையும் சேர்க்கலாமா?

- ஒரு தாய், தக்கலை

பதில்: அம்மா, வளையல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வேலைக்கு கேரண்டி என்கிறவர்களிடம் எந்த நிறுவனம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கருவியை நான் பழிக்கவில்லை. அமெரிக்காவில் மேத்யூ ஸ்மித், மோரிஸ் பெல் ஆகியோர் சோதித்துப் பார்த்த நேர்காணல் பயிற்சி ஒன்று உண்டு. திரையில், ஒரு கடைக்கு ஆள் எடுக்கும் மோலி போர்ட்டர் என்பவர் கேள்வி கேட்பார், பயில்பவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். மோலி ஒருநாள் கனிவாக இருப்பார், ஒருநாள் சிடுசிடுப்பார். ஆட்டிசம் உள்ள 26 பேரிடமும், தனியாக மனநோய் உள்ளவர்களிடமும் நடந்த சோதனைகள் 2014இல் வெளியாயின. பழகியவர்கள் ஒத்திகை நேர்காணலில் மேம்பட்டார்கள், பிறகு வேலை கிடைத்தவர்களும் அவர்களில் கூடுதல். சின்னச் சோதனைதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. ஒன்றைக் கவனியுங்கள்: அதற்குத் தலையில் மாட்டும் கண்ணாடியே தேவைப்படவில்லை, சாதாரண கம்ப்யூட்டரில் ஓடியது. பலன் தந்தது, சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்ட அந்தக் கேள்விதான். இருபதாவது தடவை தப்பினாலும் மோலி கேட்பதை நிறுத்துவதில்லை. ஆனால் அவர் பேசுவது இங்கிலீஷ், அவருடைய கடை அமெரிக்கக் கடை. நாகர்கோவில் முதலாளி அப்படிக் கேட்க மாட்டார்.

"உன்னைப் பத்திச் சொல்லு" என்பது கரையில்லாத கேள்வி. பிறந்ததிலிருந்தா, காலையில் எழுந்ததிலிருந்தா, எங்கே தொடங்குவது? உங்கள் மகன் திகைத்ததில் தப்பே இல்லை. மூன்று வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: பெயரும் படிப்பும், செய்யத் தெரிந்த வேலை, தேவைப்படும் உதவி. தினம் பத்து நிமிடம், ஒருநாள் நீங்கள், ஒருநாள் அவனுடைய பழைய வாத்தியார், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும். செல்போனில் வீடியோ எடுத்து அவனையே பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வந்ததை மட்டும் காட்டுங்கள், சொதப்பியதை அழித்துவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி, இன்டர்வியூவையே தவிர்ப்பது. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பேச்சை வைத்து எடைபோடாமல், லெகோ ரோபோவைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். பின்னர் எஸ்.ஏ.பி. நிறுவனம் பெங்களூரில் ஆட்டிசம் உள்ளவர்களை சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலைக்கு எடுத்தது. நீங்களும் நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸுக்கோ ஆடிட்டர் ஆபீசுக்கோ போய், "பத்து நாள் சும்மா புரூஃப் பார்க்கட்டும், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். அவனுடைய கண் அவனுக்காகப் பேசும்.

வேலை கிடைத்த பிறகுதான் செல்போன் உண்மையில் கைகொடுக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆட்டிசம் உள்ள 50 தொழிலாளர்களிடம், வேலை செய்யும் இடத்திலேயே கைக்கருவியில் நினைவூட்டல்களும் வேலைப் பட்டியலும் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிலேயே கருவி கிடைத்தவர்களுக்கு, கூட நின்று சொல்லித்தரும் ஆளின் நேரம் கணிசமாகக் குறைந்தது. 2015இல் வெளியான ஆய்வு இது. உங்களுக்கு இதில் பெரிய செலவில்லை. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், யாரிடம் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், சாயா நேரத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே படம் எடுத்துப் போடுங்கள். சாயா நேரத்தை லேசாக நினைக்காதீர்கள். வேலை தெரிந்த பிள்ளைகளும் தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

தம்பியின் சங்கதி வேறு. அவருக்கு டி.டி.பி. தெரியும், தெரியாததைக் கற்பிக்கும் வகுப்பு தேவையில்லை. நோயும் மாத்திரையும் சேர்ந்து கவனத்தையும் ஊக்கத்தையும் மந்தமாக்கியிருக்கும், காலையில் மயக்கமும் இருக்கலாம். அவருடைய மனநல மருத்துவரிடம் வேலை நேரத்தைச் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மணி நேர வேலையில் தொடங்கட்டும். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடுவதைவிட, முதலில் வேலையில் அமர்த்தி, கூடவே நின்று பழக்குவதே மனநோய் உள்ளவர்களுக்குப் பலன் தருகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, சிகிச்சையோடு வேலைப் பயிற்சியையும் சேர்த்தே தந்துவருகிறது. தம்பிக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் ஊரில் யாரையாவது இளக்காரம் செய்ய "ஊளம்பாறைக்குக் கொண்டு போ" என்பார்கள். திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரை வசவாக்கிவிட்டோம். உங்கள் வீட்டிலாவது அந்தச் சொல் ஒலிக்க வேண்டாம்.

இருவருக்கும் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மனநோயையும் குறைபாடுகளாக ஏற்றிருக்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு இருப்பதாகச் சான்று வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து, தனித்துவ அடையாள அட்டைக்கு இருவரையும் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு பிரஸ்ஸின் படி ஏறுங்கள். அந்தப் பத்து நாளும் எப்படிப் போயிற்று என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.